சி நிறைஞ்சு போச்சு, டி சும்மா கிடக்கு

கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துத் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பார்ட்டிஷன் என்று கேட்டு வருகிறவர்கள் இங்கே மூன்று வகை. பொள்ளாச்சியிலோ கோவையிலோ புது லேப்டாப் வாங்கி வந்தவர், "உள்ள சி மட்டும்தானுங்க இருக்கு, டி, ஈ எல்லாம் போட்டுக் குடுங்க" என்பார். நாலைந்து வருஷம் ஓட்டியவர், "சி நிறைஞ்சு போச்சு, டி சும்மா கிடக்கு, அதுல இருந்து கொஞ்சம் எடுத்து இதுல சேர்த்துடுங்க" என்பார். மூன்றாவது வகை பொள்ளாச்சிக் கடைக்காரர்களுக்கு அவ்வளவாக வராது. வீட்டில் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பிள்ளை இருக்கும். படிப்பது தமிழ் மீடியம், ஆனால் பாடத்திட்டம் கேரளாவுடையது. பள்ளிக்கூடத்தில் ஐடி பாடம் முழுக்க விண்டோஸில் இல்லை, லினக்ஸ் என்ற வேறொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் நடக்கிறது. வீட்டு லேப்டாப்பிலும் அது வேண்டும், அப்பாவின் கணக்கு வழக்குக்கு விண்டோஸும் இருக்க வேண்டும்.

மூன்று பேரும் கேட்பது ஒரே வேலை மாதிரித்தான் தெரியும். ஒரு டிரைவைக் கோடு போட்டுப் பிரிக்கணும், அவ்வளவுதான். ஆனால் முதல் ஆளிடம் பாதி நேரம் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன். இரண்டாவது ஆளிடம் "நீங்கள் நினைக்கிற மாதிரி முடியாது" என்பேன். மூன்றாவது ஆளிடம்தான் உட்கார்ந்து நிறையப் பேச வேண்டியிருக்கும்.

சி, டி, ஈ, எஃப் என்று வரிசையாக வைக்கிற பழக்கம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை நாலாக வெட்டி, சினிமாவுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று பெயர் வைத்த தலைமுறை நாம். அன்றைக்கு அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. மாதம் ஒரு தடவை வைரஸ் வரும், மாதம் ஒரு தடவை சி-யை ஃபார்மட் செய்வோம். சுழலும் தட்டில் வெளி விளிம்பு உள்பக்கத்தை விட வேகமாகப் படிக்கும் என்பதால், முதலில் இருக்கிற சி-யைச் சின்னதாக வைத்தால் வேகமும் கொஞ்சம் கிடைத்தது. இப்போது வருகிற எஸ்எஸ்டி டிரைவ் வெறும் சிப், அதில் சுழல்வதற்கு ஒன்றுமே இல்லை. பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் வேகம் ஒன்றுதான். "டி போட்டா ஸ்பீடாகும்" என்று யாராவது காசு வாங்கினால் நம்ப வேண்டாம்.

இன்றைக்குப் பிரிப்பதற்கு என்னைப் பொறுத்தவரை உருப்படியான காரணம் இரண்டே. விண்டோஸ் கெட்டால் அதை மட்டும் துடைத்துப் புதிதாகப் போடலாம், நம் ஃபைல்கள் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். அடுத்தது, இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வைக்க இடம் வேண்டும். இரண்டும் வேண்டாம் என்பவருக்கு சி ஒன்றே போதும். அதிலும் 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் நான் பிரிப்பதே இல்லை. பெட்டியில் 256 என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் 238 என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரத்தால் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் போடுகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அந்த 238-ல் விண்டோஸ், ஆபீஸ், கணக்கு எழுத ஒரு டேலி, வருஷத்துக்கு ஒன்று வருகிற பெரிய அப்டேட், எல்லாம் போக மிஞ்சுவதைப் பாதியாக வெட்டினால், அடுத்த வருஷமே "சி நிறைஞ்சு போச்சு" என்று அதே ஆள் வந்து நிற்பார். 512 என்றால் 476 இருக்கும். அதில் சி-க்கு 200 விட்டு மீதியை டி ஆக்கினால் வசதியாக இருக்கும். சி-க்கு 100 போதும் என்று கஞ்சத்தனம் பிடிப்பவர்கள்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுக்கிறார்கள்.

டி இருந்தால் மட்டும் ஃபைல் டி-யில் போய் உட்கார்ந்துவிடாது. இதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் வாய் வலிக்கும். எங்கள் பக்கம் ஒரு பால் சொசைட்டியின் கம்ப்யூட்டரில் சி, டி இரண்டும் முறையாகப் பிரித்திருந்தது. விண்டோஸ் ஏறவில்லை, சி-யை ஃபார்மட் செய்யலாமா என்று கேட்டார்கள். டி-யைத் திறந்தால் பிரிண்டர் சிடியிலிருந்து எடுத்த ஒரு ஃபோல்டர், வேறொன்றும் இல்லை. செக்ரட்டரியிடம் போனில், "கணக்கெல்லாம் எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்றேன். "டெஸ்க்டாப்புலதானுங்க, கண்ணு முன்னாடியே இருக்குமே" என்றார். டெஸ்க்டாப் என்பது சி-க்குள் யூசர்ஸ் ஃபோல்டரில் இருக்கிற ஒரு ஃபோல்டர். டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே அங்கேதான். டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன் என்பது வேறு விஷயம். யாராவது அவசரக்காரர் கையில் மாட்டியிருந்தால் அத்தனை உறுப்பினர்களின் பால் கணக்கும் போயிருக்கும்.

அதனால் டி போட்டுக் கொடுக்கும்போதே டாக்குமென்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் டி-க்கு மாற்றிக் கொடுத்துவிடுவேன். அந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், அதில் லொக்கேஷன் என்ற பக்கம். டி-யில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் என்று தனித்தனி ஃபோல்டர் முதலிலேயே செய்து வைத்துக்கொண்டு அவற்றைக் காட்ட வேண்டும். சிலர் நேரே டி டிரைவையே காட்டிவிடுகிறார்கள். அப்புறம் டி முழுசும் 'டாக்குமென்ட்ஸ்' ஆகிவிடும், பழையபடி கொண்டுவருவது பெரிய தலைவலி. விண்டோஸோடு வரும் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவ் ஏற்கனவே டெஸ்க்டாப்பைத் தன்வசம் எடுத்து வைத்திருந்தால், அதன் செட்டிங்கில் பேக்கப்பை நிறுத்திவிட்டு இந்த வேலைக்கு வரணும்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் டைப் அடித்துக் கொடுக்கிற டிடிபி கடை வைத்திருக்கிற ஓர் அக்கா. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பஞ்சாயத்து மனு, கோயில் வரவு செலவு என்று தமிழிலும் மலையாளத்திலும் அடிப்பார். எழுத்துரு தமிழுக்குப் பாமினி, மலையாளத்துக்கு எம்எல்-டிடி கார்த்திகா. டி-யில்தான் எல்லாம் வைப்பார், அந்த விஷயத்தில் சுத்தம். விண்டோஸ் கெட்டு யாரோ சி-யை மட்டும் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். டி-யில் பல வருஷ வேலை அலுங்காமல் இருந்தது. ஆனால் திறந்தால் ஒரு வரி படிக்க முடியவில்லை.

"ஃபைலையெல்லாம் வைரஸ் தின்னுருச்சுங்களா தம்பி?"

"ஃபைல் நல்லாத்தான் இருக்குதுங்க்கா. எழுத்துதான் போயிருச்சு."

பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ஆங்கிலத்தின் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். பாமினி எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டுகிறது. கார்த்திகாவும் அதே வகை. எழுத்துருக்கள் இருப்பது சி-க்குள் விண்டோஸ் ஃபோல்டரில். சி துடைக்கப்பட்டபோது அவையும் போயின. அக்காவின் தம்பி வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து எழுத்துருக்களை எடுத்துப் போட்டதும் பக்கம் பக்கமாகத் தமிழ் திரும்ப வந்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் அடித்தவை எந்த எழுத்துருவும் கேட்காமல் திறந்தன. ஆனால் அவரிடம் அப்படி இருந்தவை கொஞ்சம்தான்.

அதிலிருந்து டி-யில் 'மறுபடி போட' என்று ஒரு ஃபோல்டர் எல்லோருக்கும் செய்து கொடுக்கிறேன். எழுத்துரு ஃபைல்கள், பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர் டிரைவர், டேலி லைசென்ஸ் விவரம், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்கான சாஃப்ட்வேர், எல்லாம் அதற்குள். டி-யில் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால் தப்பிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். புரோகிராம் ஃபைல்கள் டி-யில் இருந்தாலும் அவற்றின் பதிவுகள் சி-யில், ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் பதிவேட்டில் இருக்கும். புது விண்டோஸுக்கு அவற்றைத் தெரியாது. எப்படியும் மறுபடி இன்ஸ்டால் செய்யத்தான் வேண்டும்.

சரி, பிரிக்கிற வேலைக்கு வருவோம். விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0 என்று ஒரு நீளப் பட்டை. இன்றைய லேப்டாப்பில் இடது ஓரத்தில் 100 எம்பி அளவில் ஈஎஃப்ஐ என்று ஒரு துண்டு, அப்புறம் சி, வலது ஓரத்தில் ரெகவரி என்று சில நூறு எம்பி. இந்தச் சின்னத் துண்டுகளுக்கு எழுத்து இருக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்றும் காட்டாது. அதனாலேயே "இது எதுக்கு வீணா?" என்று கை வைக்கத் தோன்றும். ஈஎஃப்ஐ போனால் கம்ப்யூட்டர் ஸ்டார்ட்டே ஆகாது. ரெகவரி போனால் உடனே ஒன்றும் தெரியாது, விண்டோஸ் கெட்டு ரிப்பேர் செய்யப் போகிற அன்றைக்குத் தெரியும். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஓர் அப்டேட் உலகம் முழுக்கப் பலருக்கு ஏறாமல் நின்றது. ரெகவரி பார்ட்டிஷனில் இடம் பற்றவில்லை என்பதுதான் காரணம். அதை 250 எம்பி பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே வழிமுறை வெளியிட்டது. அந்தத் துண்டுக்கும் வேலை இருக்கிறது.

கோடு போடுவதற்கு முன் நான் பார்க்கிறவை: டிரைவின் ஆரோக்கியம், பேக்கப், சாவி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் டிரைவ் நலமா என்று ஒரு நிமிஷத்தில் சொல்லும். 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால் பார்ட்டிஷன் பேச்சே கிடையாது, ஃபைல்களை வெளியே எடுக்கிற வேலைதான். பேக்கப் என்றால் வேறொரு சாதனத்தில், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில். அதே டிரைவின் டி-யில் போட்டுவிட்டு பேக்கப் என்று சொல்லக் கூடாது. ஒரு ஸ்டூடியோக்காரர் கல்யாணப் படங்களைச் சி-யில் ஒரு காப்பி, டி-யில் ஒரு காப்பி என்று ஒழுங்காக வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. சியும் டியும் ஒரே தட்டில்தானே இருக்கின்றன, இரண்டும் ஒன்றாகத்தான் போயின. ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வேர் வைரஸ் வந்தாலும் அப்படியே. அதற்கு எழுத்து வித்தியாசம் கிடையாது.

சாவி என்றது பிட்லாக்கர் சாவி. டிரைவில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டுகிற விண்டோஸ் ஏற்பாடுதான் பிட்லாக்கர். இதைத்தான் இப்போது எல்லோரும் மறக்கிறார்கள். 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிரைவ் தானாகவே பூட்டுப் போட்டுக்கொள்கிறது. பயன்படுத்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது. பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் செட்டிங்கில், 'செக்யூர் பூட்' என்பதை மாற்றினாலோ, பூட் விஷயத்தில் வேறு எதையாவது தொட்டாலோ அடுத்த ஸ்டார்ட்டில் நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கும். அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கைத் திறந்து கொடுத்தது லேப்டாப் விற்ற கடைப் பையனாக இருந்து, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாவிட்டால் அதோடு கதை முடிந்தது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததையொட்டிப் புதிதாக விண்டோஸ் 11-க்கு வந்தவர்கள் நிறையப் பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள். சாவியைப் பார்த்து ஒரு தாளில் எழுதி லேப்டாப் பில்லோடு வைக்கச் சொல்கிறேன். லேப்டாப் பைக்குள் வைக்க வேண்டாம்.

அப்புறம் சி-யின் மேல் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். வருகிற பெட்டியில் கேட்பது எவ்வளவு வெட்டி எடுக்கணும் என்பது. சி-க்கு எவ்வளவு மிஞ்சணும் என்று நினைத்து நிரப்புகிறவர்கள் உண்டு. அதுவும் எம்பியில் கேட்கும். 275 ஜிபி டி வேண்டும் என்றால் 275-ஐ 1024-ஆல் பெருக்கி 281600 என்று போடணும். 275 என்றே போட்டால் பென் டிரைவை விடச் சின்னதாக ஒரு டி கிடைக்கும்.

பல நேரம் அது சொல்கிற அதிகபட்சம் நமக்குப் பற்றாது. சி-யில் 300 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் 90 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்கும். நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ராம் பற்றாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல், தூங்கப் போகும்போது எழுதி வைக்கும் ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் எடுத்து வைத்த பழைய நிழல்கள், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஷ்ரிங்க் போனால் பெரும்பாலும் இடம் விடும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்ப வைத்துவிட வேண்டும். வெட்டிய இடம் கறுப்புப் பட்டையாக 'அன்அலொகேட்டட்' என்று நிற்கும். அதன் மேல் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், ஃபார்மட் முறைக்கு விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ், முடிந்தது. மொத்தம் பத்து நிமிஷ வேலை. மேலே சொன்ன சரிபார்ப்புக்கும் பேக்கப்புக்கும்தான் அரை நாள் போகும், நான் காசு வாங்குவதும் அதற்குத்தான்.

இனி இரண்டாவது வகை ஆள். சி நிறைந்துவிட்டது, டி காலி. டி-யைச் சுருக்கி அந்த இடத்தைச் சி-யோடு சேர்க்கப் பார்க்கிறார். டி-யைச் சுருக்குவது நடக்கிறது. ஆனால் சி-யின் மேல் ரைட் கிளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை. காரணம், டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலது பக்கம் விழும். சி-க்கு வேண்டியது தன் வலது பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கிற இடம். நம் வயலுக்கு அடுத்த வயல் நம்முடையதானால் வரப்பை வெட்டிச் சேர்த்துவிடலாம், நடுவே தம்பி வயல் கிடக்க அதற்கு அந்தப் பக்கம் உள்ளதை எப்படிச் சேர்ப்பது? ரெகவரி துண்டு நடுவில் நின்றாலும் இதே தடைதான்.

பத்திரமான வழி: டி-யில் இருப்பதை எக்ஸ்டர்னலில் எடுத்து, சரிபார்த்து, டி-யை அழித்து, சி-யை வேண்டிய அளவு நீட்டி, மிச்சத்தில் புது டி போட்டு, ஃபைல்களைத் திரும்ப வைப்பது. டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் டி-யில் இருந்தால் அதற்கு முன் அவற்றைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு ஆரம்பிக்கணும். டி-யை அப்படியே வலப்பக்கம் நகர்த்தித் தருகிற சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன, லினக்ஸின் ஜிபார்ட்டட் என்ற சாஃப்ட்வேரும் செய்யும். ஆனால் நகர்த்துவது என்றால் உள்ளே இருக்கிற அத்தனை டேட்டாவையும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எழுதுவது. பெரிய ஹார்ட் டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில். சித்திரை மாதத்து இடிமழை எங்கள் ஊரில் மாலை நாலு மணிக்கு மேல் எந்த நிமிஷமும் வரும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அந்த நேரத்தில் ஒருவர் இப்படி நகர்த்த ஆரம்பித்து, இடி இடித்து, கரண்ட் போய், மறுநாள் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். டி-யில் இருந்ததில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கவில்லை. பேட்டரி நன்றாக இருக்கிற லேப்டாப் என்றால் இந்தப் பயம் குறைவு.

பார்ட்டிஷனைத் தொடாமலேயே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லணும். டவுன்லோட்ஸை டி-க்கு மாற்றி, டிஸ்க் கிளீனப்பில் பழைய அப்டேட்களைத் துடைத்து, மொபைல் பேக்கப் ஃபோல்டரை நகர்த்தினாலே சி-யில் மூச்சு விட இடம் வந்துவிடும். முதலில் இதைத்தான் செய்கிறேன்.

மூன்றாவது வகைதான் எனக்குப் பிடித்த வேலை. கேரளத்தில் பள்ளிகளுக்கான ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-இல் வந்தது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து அவர்கள் தயாரிக்கிற கைட் க்னூ/லினக்ஸ்தான் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஜியோஜீப்ரா, ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் எல்லாம் உள்ளேயே வரும். பத்தாம் வகுப்பு ஐடி தேர்வில் செய்முறையும் உண்டு. அதைப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே செய்ய வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் படிக்கிற மாமன் மகனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பெற்றோர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது ஒரு திரையில் 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்றும், 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்றும் கேட்கும். முதலாவதைத் தொட்டால் சி, டி எல்லாம் போய்விடும். பையன் தானே செய்து பார்க்கிற ஆர்வத்தில் அங்கேதான் மாட்டுவான். அதனால் இடத்தை விண்டோஸுக்குள் இருந்தே ஷ்ரிங்க் செய்து கறுப்புப் பட்டையாக விட்டுவிடுகிறேன். 60 ஜிபி தாராளம், அதாவது 61440 எம்பி. அந்த இடத்துக்கு வால்யூம் எதுவும் போடுவதில்லை. அப்புறம் இன்ஸ்டாலரில் 'வேறு ஏதாவது' என்ற மூன்றாவது வழியில் போய், அந்தக் காலி இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபார்மட்டில் ஒரு பார்ட்டிஷன். ஈஎஃப்ஐ துண்டு ஏற்கனவே இருப்பதையே இரண்டு சிஸ்டமும் பகிர்ந்துகொள்ளும். அதை ஃபார்மட் செய்யும் டிக் விழவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பட்டன்.

விண்டோஸ் சீக்கிரம் ஸ்டார்ட் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற செட்டிங்கை முன்பே நிறுத்திவிட வேண்டும். அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடிக்கொள்ளாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸில் இருந்து டி-யைத் திறக்கப் போனால் மறுக்கும், இல்லாவிட்டால் பார்க்க மட்டும் விட்டு எழுத விடாது. ஒரு டீச்சர், "எம் பொண்ணு ப்ராக்டிகல் செஞ்சு டி-ல சேவ் பண்ண மாட்டேங்குதுங்க, லினக்ஸே கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்ததும் சேவ் ஆனது.

பழைய லேப்டாப் கொண்டுவந்தால் இன்னொரு பொறி உண்டு. அவற்றில் எம்பிஆர் என்ற பழைய முறையில் பார்ட்டிஷன் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் பிரைமரி பார்ட்டிஷன் நாலுக்கு மேல் முடியாது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கையும் அது முழுசாகக் கையாளாது. இன்றைய ஜிபிடி முறையில் விண்டோஸ் 128 வரை விடும். பழைய லேப்டாப்பைத் தயாரித்தவர்களே சில நேரம் சிஸ்டம், சி, ரெகவரி, டூல்ஸ் என்று நாலையும் நிரப்பி அனுப்பியிருப்பார்கள். ஐந்தாவது போடப் போனால் விண்டோஸ் முடியாது என்று சொல்லாது. 'டைனமிக் டிஸ்க்', அதாவது விண்டோஸுக்கு மட்டும் புரிகிற வேறொரு முறைக்கு 'மாற்றிவிடும், சம்மதமா?' என்று ஒரு பெட்டியில் கேட்கும். படிக்காமல் யெஸ் அழுத்துவதுதானே நம் வழக்கம். டி வந்துவிடும், எல்லாம் நன்றாகவே தெரியும். லினக்ஸ் போடப் போகிற அன்றைக்குத்தான் தெரியும், அதற்குள் எந்த இன்ஸ்டாலரும் எளிதில் நுழையாது. விண்டோஸ் வழியாகத் திரும்பப் பேசிக் டிஸ்க் ஆக்க எல்லா வால்யூமையும் அழித்தாக வேண்டும். அந்தப் பெட்டி வந்தால் நோ கொடுத்துவிட்டு, நாலில் எதை விடலாம் என்று யோசிப்பதுதான் வழி.

இரண்டு சிஸ்டமும் ஓடத் தொடங்கியபின் ஆபத்து விண்டோஸ் பக்கத்திலிருந்து வரும். எக்ஸ்ட்4-ஐ விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அது பெயரில்லாத 60 ஜிபி துண்டாகத் தெரியும். வேலந்தாவளத்தில் ஒரு வீட்டில் விடுமுறைக்கு வந்த சித்தப்பா, "60 ஜிபி வீணா கிடக்குது பாரு" என்று அதை அழித்துச் சி-யோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த தடவை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'க்ரப்' என்று மட்டும் வந்து நின்றது. விண்டோஸ் போய்விட்டது என்று வீடே கலங்கியது. விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடக்கத்தில் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற பட்டியலின் ஃபைல்கள் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருந்தன, அவை போயின. பயாஸில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்ததும் ஏறியது. அந்த வீட்டில் படிக்கிற பெண்ணின் ப்ராக்டிகல் ஃபைல்கள் போனது போனதுதான். அதனால் இப்போதெல்லாம் படிப்பு ஃபைல்களை டி-யில் வைக்கச் சொல்கிறேன், இரண்டு பக்கத்திலிருந்தும் திறக்கலாம். லினக்ஸ் துண்டின் அளவை ஒரு ஸ்டிக்கரில் எழுதி லேப்டாப்பின் அடியிலும் ஒட்டிவிடுகிறேன், வரப்போகிற சித்தப்பாக்களுக்காக.

தவறுதலாக ஒரு பார்ட்டிஷனை அழித்துவிட்டால், செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. அழிந்தது பெரும்பாலும் பட்டியலில் அந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற ஒரு வரி மட்டும். உள்ளே இருந்த ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். அந்த இடத்தில் புது வால்யூம் போட்டு, ஃபார்மட் செய்து, 'திரும்ப வருதான்னு பார்க்கலாம்' என்று சினிமா காப்பி செய்து பார்த்தவர்களுக்குத்தான் கைவிரிக்க வேண்டியிருக்கும். எஸ்எஸ்டியில் நேரம் இன்னும் குறைவு. ஃபார்மட் கொடுத்தால் ட்ரிம் என்ற ஏற்பாடு காலி இடத்தை உள்ளிருந்தே துடைக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஆஃப் செய்து, டிரைவைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியை ஓட்டலாம். தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடிப் பட்டியல் போடும். கண்டதும் 'ரைட்' கொடுத்துவிடாமல், ஒவ்வொன்றின் மேலும் நின்று 'பி' அழுத்திப் பார்க்கணும். உள்ளே நமக்குத் தெரிந்த ஃபோல்டர் பெயர்கள் வந்தால்தான் அது நம் பழைய டி. பல வருஷத்துக்கு முன் போட்டு மறந்த பழைய எல்லைகளையும் அது தோண்டி எடுத்துக் காட்டும், அதை எழுதிவிட்டால் இருக்கிறதும் குழம்பிப்போகும். ஃபோல்டர் பெயர்கள் தெரிந்ததும் முக்கியமானவற்றை முதலில் வெளியே காப்பி எடுத்துக்கொண்டு, அதன்பின் எழுதச் சொல்லலாம்.